கறவை மாடு வளர்ப்போர் சங்கம்: ஓராண்டில் என்ன வேலை, எப்போது, எப்படி?

ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடுகள் வைத்திருக்கும் குடும்பங்கள் சேர்ந்து சங்கம் தொடங்க நினைக்கிறீர்கள். பால் சொசைட்டி ஏற்கெனவே இருக்கும்போது இப்படி ஒரு சங்கம் வருடம் முழுக்க என்ன செய்யும் என்பது உங்கள் கேள்வி.

சொசைட்டிக்கு வேண்டியது பால். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திடப்பொருள் எவ்வளவு என்பதோடு அதன் கணக்கு முடிந்துவிடும். அந்தப் பாலைக் கொடுத்த மாட்டின் தாய் எது, எந்தக் காளையின் சினை ஊசிக்குப் பிறந்தது, இது எத்தனையாவது ஈத்து (கன்று ஈனல்), போன ஈத்துக்கும் இதற்கும் எத்தனை மாதம் என்பதை ஊரில் யாரும் எழுதி வைப்பதில்லை. அதை எழுதி வைக்கத்தான் சங்கம். தடுப்பூசி முகாம், தீவனப்புல் கரணை (ஊன்றும் தண்டுத் துண்டு), தை மாதப் போட்டி எல்லாமே அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் நடக்கும். பதிவேடு இல்லாத சங்கம் வருடத்துக்கு ஒரு கண்காட்சி நடத்திப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடும்.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் வியாபாரம் செய்யப்போவதில்லை என்றால் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் போக வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 போதும். குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு எழுதி, தணிக்கை செய்து, ஆண்டுப் பொதுக்குழுவில் வைத்துப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இந்த அறிக்கையை இரண்டு மூன்று வருடம் அனுப்பாமல் விட்டுப் பெயரளவில் கிடக்கும் சங்கங்கள் நிறைய உண்டு. நிர்வாகக் குழுவில் மாட்டுத் தரகரையும் சினை ஊசி போடும் ஆளையும் பொறுப்பில் வைக்காதீர்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் பதிவேட்டில் எழுதப்படும் எண்ணால் அவர்களுக்கு லாப நஷ்டம் வரும்.

ஆண்டைச் சித்திரையில் தொடங்குங்கள். கணக்காண்டும் அப்போதுதான் பிறக்கிறது. வயல் வேலையும் குறைவு. முதல் வேலை வீடு வீடாகப் போய் மாடுகளைப் பட்டியல் எடுப்பது. அரசு போடும் 12 இலக்கக் காது வில்லை எண்தான் மாட்டின் பெயர். 'செவலை', 'லட்சுமி' என்று எழுதினால் இரண்டாம் வருடமே குழப்பம் வரும், ஒரே தெருவில் நான்கு லட்சுமி இருப்பாள். வில்லை விழுந்து புது வில்லை போட்டால் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண்ணை எழுத வேண்டும், அழித்து எழுதக்கூடாது. காப்பீடு செய்த மாட்டுக்கு இது இன்னும் முக்கியம். வில்லை இல்லாமல் செத்த மாட்டுக்கு இழப்பீடு வாங்குவது பெரும்பாடு.

பிறந்த தேதி தெரியாத மாட்டுக்குப் பல் பார்த்து வயதெழுதுங்கள். நிலைப்பல் இரண்டு முளைத்திருந்தால் ஏறக்குறைய 2 வயது, எட்டுப் பல்லும் நிறைந்தால் 4 முதல் 4½. அப்படி எழுதிய வயதுக்குப் பக்கத்தில் 'உத்தேசம்' என்று குறித்துவிடுங்கள். தாய், தகப்பன் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெற்றாக விடுங்கள். உரிமையாளர் நினைவிலிருந்து சொல்லும் காளை எண்ணை எழுதிவிட்டால், பத்து வருடத்துக்குப் பிறகும் அந்தத் தவறு பதிவேட்டிலிருந்து போகாது.

சித்திரை, வைகாசி வெயிலில் கலப்பின மாடு சினை பிடிப்பது குறையும். பருவம் வருவதே தெரியாமல் போகும் ஊமைப் பருவம்தான் இந்த மாதங்களின் பெரிய நஷ்டம். பகலில் மாடு கத்தாது, மற்ற மாட்டின் மேல் தாவாது. விடியற்காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் போய்ப் பார்த்தால்தான் கண்ணாடி போன்ற கோழை வாலில் ஒட்டியிருப்பது தெரியும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் தீவனம் வீண். எச்.எஃப். ரத்தம் கூடுதலாக உள்ள மாடு இன்னும் சிரமப்படும். இந்த மாதங்களில் சங்கம் செய்யக்கூடியது, கன்று போட்டு 60 நாள் கடந்தும் ஊசி போடாத மாடுகளின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்து, அந்தந்த வீட்டுக்குப் போனில் சொல்வது. வேறெந்த வேலையையும் விட இதற்குப் பலன் அதிகம். ஈத்து இடைவெளி 13, 14 மாதத்துக்குள் நிற்க வேண்டுமென்றால், சினைக்காலம் 280 நாள் போக, கன்று போட்ட 120 நாளுக்குள் மாடு மறுபடி சினையாகியிருக்க வேண்டும்.

சினை ஊசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். இது எல்லோருக்கும் தெரியும். தவறு நடப்பது வேறு இடங்களில். உறைவிந்துக் குச்சி (விந்து அடைத்த மெல்லிய குழாய்) கலனுக்குள் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கிறது. ஒரு குச்சியைத் தேட, குச்சிகள் நிற்கும் மொத்தக் கூடையையும் கலனின் கழுத்துக்கு மேல் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் இறக்கினால், அந்தக் கூடையில் உள்ள எல்லாக் குச்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கூடை கழுத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும், இடுக்கியால் குச்சியை எடுத்ததும் சில நொடியில் 37 டிகிரி வெந்நீரில் போட வேண்டும், 30 நொடி வைக்க வேண்டும். வெந்நீரின் சூட்டைக் கையால் பார்க்காமல் வெப்பமானியால் பார்க்க வேண்டும். குச்சியை ஈரம் போகத் துடைத்த பிறகே வெட்ட வேண்டும், தண்ணீர் பட்டால் உயிரணு சாகும். உருக்கிய குச்சியைக் கால் மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நைட்ரஜன் மட்டத்தை வாரம் ஒருமுறை அளவுகோல் விட்டுப் பார்த்து, தேதி போட்டு எழுதும் ஒரு நோட்டு கலனோடு சேர்ந்தே இருக்கட்டும். மட்டம் வழக்கத்தை விட வேகமாகக் குறைந்தால், கலனின் வெளிப்புறத்தில் பனி படர்ந்தால், வெற்றிடக் காப்பு போய்விட்டது. அன்றே குச்சிகளை வேறு கலனுக்கு மாற்ற வேண்டும்.

ஊசி போட்ட குச்சியின் வெற்றுக் குழாயை உரிமையாளர் கேட்டு வாங்கிப் பதிவேட்டு அட்டையோடு ஒட்டி வைப்பது நல்ல வழக்கம். காளையின் எண், இனம், விந்து நிலையத்தின் குறி எல்லாம் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். ஓசூர் மத்திகிரி, உதகை, தஞ்சைப் பக்கம் ஈச்சங்கோட்டை என நம் மாநிலத்திலேயே அரசு உறைவிந்து நிலையங்கள் இருக்கின்றன. எங்கிருந்து வந்த குச்சி என்றாலும் அந்த எண் இல்லாமல் பிறக்கும் கிடேரி (பெண் கன்று), பதிவேட்டைப் பொறுத்தவரை தகப்பன் இல்லாத கிடேரி.

அந்த எண் எதற்கு என்றால், ஒரு காளையின் குச்சி ஒரே பகுதியில் நாள்பட ஓடினால் மகளுக்கே தகப்பன் ஊசி போய்விடும். இன்று போட்ட ஊசிக்கு 9 மாதத்தில் கிடேரி பிறக்கும், அது நன்றாக வளர்ந்தால் 15, 16 மாதத்தில் பருவத்துக்கு வரும். ஆக, இரண்டு வருடம் கடந்ததும் ஆபத்து தொடங்குகிறது. தகப்பன்-மகள் சேர்க்கையில் பிறக்கும் கன்றுக்கு ரத்தக் கலப்பு நெருக்கம் 25 சதவீதம். ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை சேர்ந்தால் 12.5. பொதுவாக 6.25-ஐத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்வார்கள். தாண்டினால் பால் குறையும், சினை நிற்காது, கன்று தேறாது. எனவே ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் 'நம் பகுதியில் எந்தக் காளைகளுக்கு மகள்கள் எத்தனை' என்ற பட்டியலை எடுத்து, ஊசி போடுபவர்களிடமும் கால்நடை மருந்தகத்திலும் கொடுத்து, அந்தக் காளைகளின் குச்சியை இனி இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காளை மாற்றுவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

ரத்த அளவும் இதே பட்டியலில் வர வேண்டும். பாதி ஜெர்சி ரத்தமுள்ள மாட்டுக்கு முழு ஜெர்சிக் காளை ஊசி போட்டால் கன்றுக்கு 75 சதவீதம். அதன் மகளுக்கும் அப்படியே போட்டால் 87.5. பால் ஒன்றிரண்டு லிட்டர் கூடுவது போலத் தெரியும். அதோடு வெயிலில் மூச்சிரைப்பு, உண்ணிக்காய்ச்சல், சினை நிற்காமை எல்லாம் சேர்ந்தே வரும். சமவெளியில் பாதியை ஒட்டிய அளவில் நிறுத்துவதுதான் இங்கே நெடுநாளாகச் சொல்லப்படும் வழி. அதற்குக் கலப்பினக் காளையின் குச்சியைக் கேட்டு வாங்க வேண்டும். பலர் 'கலப்பினக் காளையா, மட்டமானது' என்று மறுப்பார்கள். மட்டமா இல்லையா என்பதை அந்தக் காளையின் தாய் கறந்த பாலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பெண் கன்றுக்கான குச்சியைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். ஏறக்குறைய 90 சதவீதம் கிடேரி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குச்சியில் உயிரணு மிகக் குறைவு, சினை பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. ஆரோக்கியமான கிடேரிக்கும், கருப்பை சுத்தமாக உள்ள மாட்டுக்கும், முதல் ஊசியாக மட்டும் போடச் சொல்லுங்கள். மூன்று முறை தவறிய மாட்டுக்கு அதைப் போடுவது பணத்தை வாய்க்காலில் விடுவது.

மழைக்கு முன்னால், வைகாசி ஆனியில், தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஊசிகள். கோமாரிக்குத் தேசியத் திட்டத்தில் 6 மாதத்துக்கு ஒருமுறை முகாம் வரும். கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி. முகாம் நடத்துவது துறையின் வேலை. விட்டுப்போன மாடுகளைக் கண்டுபிடிப்பது சங்கத்தின் வேலை. அன்று மேய்ச்சலுக்குப் போனது, கன்று போட்டு மூன்று நாள் ஆனது, சந்தையில் வாங்கி நேற்று வந்தது என்று ஒவ்வொரு கிராமத்திலும் கொஞ்சம் விட்டுப்போகும். கோமாரி நுழைவது அந்தச் சந்து வழியாகத்தான். ஊசி போட்ட இரண்டு மூன்று நாள் பால் குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த முகாமுக்கு மாட்டை ஒளித்து வைப்பார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசி முனையை மாற்றச் சொல்லி வற்புறுத்துங்கள், ரத்தத்தில் பரவும் நோய்கள் ஒரே முனையால் வரிசையாகப் போகும்.

கன்று வீச்சு நோய்க்கான புரூசெல்லா தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. காளைக்கன்றுக்கும் சினை மாட்டுக்கும் கூடாது. பிறந்த தேதி இருக்கும் பதிவேட்டிலிருந்து அந்த வயதுக் கன்றுகளை ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம். இல்லாத ஊரில் பாதிக் கன்று வயது கடந்துவிடும். இந்த நோய் மனிதருக்கும் வரும். 6, 7 மாதத்தில் கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடக்கூடாது, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும், நாய்க்குப் போடக்கூடாது. கலப்பினப் பொலிகாளையைச் சங்கத்தில் வளர்க்கலாமா என்ற யோசனை வந்தால் இதே காரணத்துக்காக வேண்டாம் என்பேன். ஒரு காளை ஒரு பருவத்தில் ஊர் முழுக்க நோயைக் கொண்டுபோகும்.

சந்தை மாட்டைப் பற்றியும் ஒரு விதி வேண்டும். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு வியாழக்கிழமை வெளிமாநில வியாபாரிகள் வருகிறார்கள். பல ஊர் மாடு ஒரே இடத்தில் நிற்கிறது. அங்கே வாங்கிய மாடு வீட்டு மாடுகளோடு சேராமல் மூன்று வாரம் தனியாக நிற்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியும் தனி. உறுப்பினரானவர் இதற்கு ஒப்புக்கொண்டே கையெழுத்திட வேண்டும்.

ஆடி, ஆவணியில் தீவன வேலை. மழையை நம்பி கம்பு நேப்பியர் கோ-4 அல்லது அடுத்து வந்த கோ-5 கரணை ஊன்றலாம். 60-க்கு 50 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 13,300 கரணை வேண்டும். சங்கத்துக்குச் சொந்தமாக அரை ஏக்கர் நாற்றங்கால் இருந்தால் உறுப்பினருக்கு இலவசமாகக் கொடுக்கலாம். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. சோளத்தைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள்: மழை தவறி வாடி நிற்கும் இளஞ்சோளத்தை அறுத்துப் போடக்கூடாது, ஹைட்ரோசயனிக் நஞ்சு அரைமணியில் மாட்டைச் சாய்த்துவிடும். பூவெடுத்த பிறகே அறுக்க வேண்டும்.

இனி பால் அளவைக்கு வருகிறேன். சங்கத்தின் மூளையே இதில்தான் இருக்கிறது, ஆனால் செலவையும் சலிப்பையும் பார்த்துப் பெரும்பாலானோர் விட்டுவிடும் வேலையும் இதுதான். டென்மார்க்கின் வேயென் ஊரில் 1895-இல் விவசாயிகள் கூடி ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்தி வீடுவீடாகப் பால் அளந்தார்கள். உலகின் முதல் பால் பதிவுச் சங்கம் அது. நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் மாட்டுப்பட்டியில் 1963-இல் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. பிரவுன் சுவிஸ் ரத்தத்தை உள்ளூர் மாட்டோடு கலந்து சுனந்தினி என்ற இனம் உருவானதற்குப் பின்னால், சிறு விவசாயிகளின் கொட்டகையிலேயே மகள்களின் பாலை அளந்து காளையைத் தேர்ந்தெடுத்த வேலை இருக்கிறது.

முறை இதுதான். மாதம் ஒருமுறை, ஒரு மாலையும் மறுநாள் காலையும், அளவையாளர் கறக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். லிட்டர் குவளை வேண்டாம், நுரை ஏமாற்றும். தொங்கு தராசில் கிலோவில் எடுங்கள்; 10 லிட்டர் ஏறக்குறைய 10.3 கிலோ வரும். மாதிரியை இரு வேளைப் பாலின் விகிதத்தில் எடுக்க வேண்டும். மாலை 5 கிலோ, காலை 7 கிலோ என்றால், கிலோவுக்கு 5 மி.லி. கணக்கில் 25-ம் 35-ம் சேர்த்து 60 மி.லி. காலைப் பாலை மட்டும் எடுத்தால் கொழுப்பு குறைவாகக் காட்டும்.

கணக்கும் கடினமில்லை. கன்று போட்ட 20-ஆம் நாள் 11 கிலோ, 50-ஆம் நாள் 13 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 20 நாளுக்கு 11 வீதம் 220. அடுத்த 30 நாளுக்கு இரண்டின் சராசரி 12 வீதம் 360. 50 நாளில் 580 கிலோ. இப்படியே 305 நாள் வரை கூட்டினால் அந்த ஈத்தின் பால். ஒரு மாதம் அளவை தவறினால் கணக்கு கொஞ்சம் தடுமாறும். தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அந்த ஈத்தை 'முழுமையில்லை' என்று குறித்துவிட வேண்டும், ஊகித்து நிரப்பக்கூடாது.

தப்பு நடக்கும் இடம் கன்று. சிலர் கன்றுக்கு ஒரு காம்பை முழுதாக விடுவார்கள், சிலர் சொரப்புக்கு, அதாவது மடியில் பால் இறங்குவதற்கு, மட்டும் விடுவார்கள், சிலர் கன்றைப் பிரித்தே வளர்ப்பார்கள். மூன்று வீட்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பிட முடியாது. அளவை நாளில் சொரப்பு விட்டதும் கன்றைக் கட்டிவிட்டு நான்கு காம்பையும் கறந்து எடைபோட வேண்டும், அதன்பிறகு கன்றின் பங்கை உரிமையாளர் புட்டியில் கொடுத்துக்கொள்ளட்டும். அளவையாளர் வரும் நாளை முன்கூட்டிச் சொல்லக்கூடாது, அளவையாளர் ஒன்றுக்கு மேல் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆளையும் கிராமத்தையும் மாற்ற வேண்டும். அவருக்குச் சம்பளம் கட்டாயம். சேவையாக வருகிறேன் என்பவர் ஐப்பசி மழையில் வரமாட்டார், அதில் அவர் குற்றம் ஏதுமில்லை. அளக்கும்போதே நான்கு காம்பிலும் மடிநோய்ச் சோதனையைச் சேர்த்துச் செய்துவிட்டால், உரிமையாளர் மாதா மாதம் காத்திருந்து வரவேற்பார். வெளியே தெரியாத மடிநோயை அப்போதே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் ஈத்து மாட்டை மூன்றாம் ஈத்து மாட்டோடு நேராக ஒப்பிடாதீர்கள், பால் ஈத்துக்கு ஈத்து ஏறும். ஒரு காளைக்கு உங்களிடம் ஐந்து மகள்தான் இருக்கிறார்கள் என்றால் அந்தக் காளை நல்லது, கெட்டது என்று தீர்ப்பெழுதவும் வேண்டாம். அதேபோல ஓர் ஊசி போடுபவரின் இருபது ஊசியை வைத்து அவரைக் குறை சொல்லாதீர்கள். நூறு, இருநூறு சேரட்டும். ஒரு சினைக்கு இரண்டு ஊசிக்குள் அடங்கினால் நல்ல நிலை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. குடற்புழு நீக்கம் மழைக்கு முன்னும் பின்னும். நனைந்த கடலைப்புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அந்த நஞ்சு பாலிலும் இறங்கும், அதனால் சங்கம் புண்ணாக்கை மொத்தமாக வாங்கி அடுக்குவதை இந்த மாதங்களில் தவிர்க்கலாம். இந்தக் காலத்தில் கன்றுகள் நிறையப் பிறந்தால் சீம்பாலைப் பற்றி மீண்டும் மீண்டும் சொல்லுங்கள். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால், முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடுக்கக்கூடாது என்ற பழக்கம் இன்னும் பல வீட்டில் இருக்கிறது. அது கன்றைக் கொல்லும் பழக்கம்; தாட்சண்யம் பார்க்காமல் நேரடியாகச் சொல்லுங்கள். தொப்புளில் டிங்சர் அயோடின், 10 முதல் 15 நாளில் கொம்பு சுடுதல், பத்தாம் நாள் முதல் புழு மருந்து. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியைப் பதிவேட்டில் சிவப்பு மையில் குறிக்க வேண்டும், அவற்றில் பத்துக்கு ஒன்பது சினையே பிடிக்காது. தெரியாமல் இரண்டரை வருடம் வளர்த்துவிட்டு ஏமாறுவது மிகக் கொடுமை.

தை, மாசியில் போட்டியும் கன்றுக் கண்காட்சியும். வெயில் இல்லை, பசுந்தீவனம் இருக்கிறது, மாடு நல்ல கட்டில் இருக்கும். கறவைப் போட்டி நடத்தினால் முந்தைய நாள் மாலை எல்லா மாட்டையும் நடுவர் முன்னால் ஒட்டக் கறந்துவிட வேண்டும், அதன்பிறகுதான் 24 மணி நேரக் கணக்கு தொடங்கும். இதைச் செய்யாவிட்டால் ஒரு வேளைப் பாலை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு வருவார்கள். பரிசு ஒருபுறம் போகட்டும், மடி வீங்கி மாடு துடிக்கும். கோமாரி ஊசி போட்டு மூன்று வாரமாவது ஆகாத மாட்டை உள்ளே விட வேண்டாம். அதிகப் பரிசு எதற்குக் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், ஒரே கொட்டகையில் தாய், மகள், பேத்தி மூன்றும் பதிவோடு நிற்கும் வீட்டுக்கு என்பேன். ஒருநாள் 25 லிட்டர் கறந்த மாட்டை நேற்றே வாங்கி வந்திருக்கலாம். மூன்று தலைமுறையை அப்படி வாங்க முடியாது.

பங்குனியில் கணக்கு முடிப்பு. ஆண்டறிக்கையில் நான்கு எண்கள் போதும்: சராசரி ஈத்து இடைவெளி, ஒரு சினைக்கு எத்தனை ஊசி, ஆறு மாதத்துக்குள் செத்த கன்று எத்தனை, முடித்த 305 நாள் ஈத்துகள் எத்தனை. கிராமவாரியாகப் போடுங்கள், ஆள் பெயர் வேண்டாம். அவரவர் மாட்டின் அட்டையை அவரவருக்குத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் பணம். இன்று போடும் ஊசியில் கிடேரி பிறக்க 9 மாதத்துக்கு மேல், அது முதல் கன்று போட 28 மாதம், அந்த ஈத்தை அளந்து முடிக்க இன்னொரு 10 மாதம்: ஏறக்குறைய நான்கு வருடம். எனவே தராசு, மாதிரிப் புட்டி, பதிவேடு இவற்றோடு அளவையாளரின் நான்கு வருடச் சம்பளத்துக்கும் வழி செய்துகொண்டு தொடங்குங்கள். அவ்வளவு பணம் சேராது என்றால் இருநூறு குடும்பங்களோடு தொடங்க வேண்டாம். ஒரே ஆள் மாதம் ஒருமுறை சுற்றி வரக்கூடிய மூன்று நான்கு ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டு வரும் சித்திரையில் வில்லை எண் எழுதத் தொடங்கிவிடுங்கள்.